சொல்லடைவு

பக்கத்துக்கு நான்கு டாலர்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பார்ட்டன் தெருவில், சலவைக்கடைக்கு மேல்மாடியில்,
உலர்த்திகளின் சூடு தரைவழியே காலில் ஏற,
இரண்டாயிரம் ஆண்டு முந்திய ஒரு யூதருக்குச்
சொல்லடைவு செய்துகொண்டிருந்தேன்.

ஊர் அலெக்சாந்திரியா. எழுதியது கிரேக்கம்.
வேதமே அவருக்கு மொழிபெயர்ப்பில்தான் வாய்த்தது.
ஒரு பெயரையும் சும்மா விடமாட்டார்.
எகிப்து என்றால் உடம்பு என்பார்,
எகிப்தில் உட்கார்ந்துகொண்டு.
ஹாரான் என்றால் பொந்துகள்: கண், காது, மூக்கு.
அங்கிருந்து ஆபிரகாம் கிளம்ப
ஒட்டகம் தேவைப்படவில்லை.

எங்கள் ஹாமில்டனில்
நூறு மீட்டர் பாறைச் சரிவை மலை என்கிறோம்.
மலைமேல் வீடு, மலைக்குக் கீழே வீடு
என்று வாடகை பேசுகிறோம்.
அவர் பேருந்தில் வந்திருந்தால்
இதை மலை என்றவன் பொய் சொல்லமாட்டான்,
ஆகவே உள்ளே வேறொன்று இருக்கிறது என்று
மூன்று சுருள் எழுதியிருப்பார்.

எருமை தாமரையை மேய்ந்தால்
தலைவன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று
கல்லூரியில் படித்தவள் நான்.
பொந்து காதாவதில் எனக்கென்ன வியப்பு?
என் குறிப்பேட்டில் மட்டும்
உள்ளுறை என்று தமிழில் தலைப்பிட்டேன்.

ஹீப்ரு, அறிந்திருந்தார்: 40, 77, 212–19.
ஹீப்ரு, அறவே அறியார்: 78, 220.
இரண்டு கட்சிக்கும்
ஒரே வரிதான் சாட்சி.

நூல் ஹதாசா வைன்ரெப்புடையது.
முப்பத்தோரு ஆண்டு உழைப்பு.
நான்காம் அத்தியாயத்தின் கிரேக்க மூலம்
எப்போதோ தொலைந்துவிட்டது.
ஆர்மேனியர் பெயர்த்து வைத்தது மட்டும் மிச்சம்,
சொல்லுக்குச் சொல், வேற்றுமைக்கு வேற்றுமை,
ஆர்மேனியருக்கே புரியாத அளவு விசுவாசமாக.
பாலைவனத்தில் வானிலிருந்து விழுந்த உணவைப் பற்றி
அதில் ஒரு வரி:
ஆன்மாவின் உணவு வேண்டுதல்.
அந்த ஒரு வரியின்மேல்
தொண்ணூறு பக்கம் கட்டியிருந்தார் ஹதாசா.

ஜனவரியில் வர்துஹி கெஷிஷியான் வந்தாள்,
பூட்ஸைக் கழற்றாமலே மடிக்கணினியைத் திறந்தாள்.
சுவடியின் புதிய படங்கள்.
வேண்டுதல் ஹாய்ட்ஸ்.
அப்பம் ஹாட்ஸ்.
நடுவே ஓரெழுத்து.
அது மை இல்லை என்றாள். ஈ எச்சம்.

எஃகாலைச் சரக்குவண்டி கடந்து முடியும்வரை
யாரும் பேசவில்லை.
நீளமான வண்டி.
ஹதாசா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
திரையில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார்.
பிறகு சொன்னார்:
"சரியான இடம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது."

அத்தியாயத்தை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.
இல்லை. ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்.
வர்துஹிக்கு நன்றி,
தன் பிழைக்குத் தானே பொறுப்பு,
அப்பம் என்றே படிக்கவும்,
ஆனாலும்.
அந்த "ஆனாலும்" ஒன்றரைப் பத்தி நீண்டது.
பக்கம் ஒன்று தள்ளியது.
311-க்குப் பிறகு வந்த எண்ணையெல்லாம்
இரண்டு இரவு உட்கார்ந்து ஒன்று கூட்டினேன்.

பிறகு இதைச் செய்தேன்:
அப்பம், காண்க: வேண்டுதல்.
வேண்டுதல், காண்க: அப்பம்.

வாசகரை வட்டத்தில் சுற்றவிடாதே என்பது
எங்கள் தொழிலின் முதல் பாடம்.
பதிப்பகம் சிவப்பில் சுழித்து அனுப்பியது.
தொடவில்லை, அப்படியே திருப்பினேன்.
தரையில் வெள்ளையாய்க் கிடந்ததைப் பார்த்து
அந்த ஜனங்கள் கேட்டது "இது என்ன?"
பதில் வரவில்லை.
கேள்வியையே பெயராக வைத்து
வெயில் ஏறுமுன் அள்ளித் தின்றார்கள்.

கீழே யாரோ உலர்த்தியில் சில்லறை போடுகிறார்கள்.
பில் எழுதினேன்:
அறுநூற்றுப் பதின்மூன்று பக்கம்.