கம்பம் உண்டு, கம்பி இல்லை

பூபாலன் கொண்டுவந்த எஞ்சினைப்
பெட்டியோடு திருப்பிக் கொடுத்தேன்.
அழகுதான். பதினைந்து எஃப்.
ஆனால் அது முப்பத்தெட்டில் பிறந்தது,
ஃப்ரீ ஸ்டேட் சமவெளியில் ஓடித் தேய்ந்தது.
கேட்டோ ரிட்ஜ் மேட்டில் அதற்கு வேலையில்லை.
"ரெண்டும் கறுப்பு, ரெண்டும் புகை விடும்,
யாருக்குத் தெரியப்போகுது, கோகி?"
எனக்குத் தெரியும் என்றேன்.

நார்த்டேலில் என் கராஜ்.
நாலு வருடமாகக் கார் வெளியே நனைகிறது.
உள்ளே ப்ளைவுட் மேல் கேட்டோ ரிட்ஜ் நிலையம்,
எண்பத்தேழில் ஒரு பங்கு.

ஆண்டைச் சொன்னது ஒரு போட்டோ.
பின்புறம் தேதி இல்லை.
ஒரு ஞாயிறு முழுக்கப் பூதக்கண்ணாடி:
தண்டவாளத்தோரம் மின்கம்பங்கள் நிற்கின்றன,
கம்பி இன்னும் ஏறவில்லை.
அப்படியானால் மின்சார எஞ்சின் கிடையாது.
டர்பனிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தது
ஜி.எல். கார்ரட்டாகத்தான் இருக்க வேண்டும்,
வண்டிக்கு முன்னால் ஒரு மாடு
பின்னால் ஒரு மாடு பூட்டியதுபோல.
எட்டே எட்டுதான் செய்தார்கள்.
எட்டில் எது என்று எண் தெரிய
இன்னொரு ஞாயிறு போயிற்று.

கம்பம் நட்டேன். கம்பி இழுக்கவில்லை.
தண்ணீர்த் தொட்டியின் துருவுக்குக்
காப்பித்தூளும் கோந்தும்.

அப்புறம் மனிதர்கள்.
இரண்டு சென்டிமீட்டர், ஆறு பேர்,
ஜெர்மனியில் வார்த்தது, எல்லோரும் ரோஜா நிறம்.
தொப்பி வைத்த ஒருவனுக்குப் பழுப்புப் பூசினேன்.
பெஞ்சில் உட்காரவைக்கப் போன கை
நின்றது.
போட்டோவில் பெஞ்சுக்கு மேலே பலகை இருக்கிறது.
அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தவள் நான்தானே.

"பலகையை விட்டுடு" என்றான் பூபாலன்,
"ஒரு மில்லிமீட்டர் எழுத்து, கண்ணுக்கே தெரியாது."
ரிவெட்டை எண்ணினவள்
பலகையை எப்படி விடுவேன்?
எழுதினேன். ஒற்றை மயிர்த் தூரிகை, இரண்டு மொழி,
மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு தப்பும் இல்லாமல்.
கை நடுங்கவேயில்லை.
அதுதான் கோபம்.

தொப்பிக்காரனை எங்கே நிறுத்துவது?
சுத்தியல் கொடுத்துத் தண்டவாளத்தில் இறக்கலாம்,
யாரும் பிழை சொல்ல மாட்டார்கள்.
கரிக்குவியலருகே வைத்தேன். எடுத்தேன்.
நடைமேடையின் கோடியில்,
கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில்
வைத்துப் பார்த்தேன்.
பசை காயவில்லை.
விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு
என்னோடே வந்துவிட்டான்.

பூபாலன் சுவிட்சைப் போட்டான்.
கார்ரட் மேடேறி வருகிறது,
சரியான எண், சரியான அழுக்கு.
நான் ஒற்றை விரலை உயர்த்தியபடி நிற்கிறேன்,
வண்டியை நிறுத்தச் சொல்கிறவள்போல.