நடுவில் நிற்கும் முள்

வண்டியோடு வந்த முள்ளை நான் நம்புவதில்லை.
எண்பதிலும் நடுவில் நிற்கும்,
நூற்றி நான்கிலும் நடுவில் நிற்கும்.
ஓட்டுபவன் பதறக்கூடாதென்று
தொழிற்சாலையில் யாரோ அதற்குப் பழக்கிவிட்ட மரியாதை.
பஞ்சிகாவத்தையில் ஒன்பதாயிரத்துக்கு
ஒரு சின்னத் திரை வாங்கி
ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.
மேலே எஞ்சின் தண்ணீர், கீழே கியர் ஒயில்.
மரியாதை தெரியாத சிவப்பு எண்கள்.

வெள்ளவத்தை. பின்னேரம் ஐந்தரை.
லீசிங் கம்பனியின் கடிதம் என் சட்டைப்பையில்.
கொத்துக்கடை ட்ரெய்லர், இரண்டு சில்லு,
இரும்புத் தட்டோடு ஆயிரத்து எண்ணூறு கிலோ.
கிளமென்ற் குரூஸ் சண்டை பிடிக்கவில்லை.
முட்டைத் தட்டுகளை மட்டும் இறக்கி
பக்கத்து பார்மசியில் வைத்துவிட்டு வந்தார்.
"நானும் வரலாமா?"
வரக்கூடாதென்று கடிதத்தில் இல்லை.

தண்ணீர் 88. ஒயில் 79.

பம்பலப்பிட்டியில் மூன்று சிக்னல், மூன்றும் சிவப்பு.
ஓடும்போது கியர்பெட்டி இவ்வளவு கொதிக்காது.
பாரத்தோடு நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்துதான்
ஒயில் தன்னையே கடைந்து சூடாகும்.
கேட்க வேறொன்றும் இல்லாததால்
"எப்படிப் போகுது?" என்றேன்.
"பரவாயில்லை."
நடுவில் நின்றது.

பொரளை. 92. 97.
தெமட்டகொடையில் ஒரு முச்சக்கர வண்டி குறுக்கே விழ
பிரேக் பிடித்தேன். பின்னால் ட்ரெய்லருக்குள்
ஏதோ உருண்டு போய்ச் சுவரில் மோதியது.
"காஸ் சிலிண்டர் இல்லை, உப்புப் போத்தல்," என்றார்,
திரும்பிப் பார்க்காமலே.

பிறகு திரையைக் காட்டி, இது என்ன என்றார்.
"மேல தொண்ணூற்றைஞ்சு வரைக்கும் கதையே இல்லை.
கீழ, இழுக்கிற நாளில நூறு, நூற்றிப்பத்து வரும்.
அது காய்ச்சல் இல்லை, வேலை.
நூற்றிருபது தாண்டி நிண்டா ஒயில் கருகும்.
கருகினா மணக்கும். மணந்த பிறகு ஒண்டும் செய்ய ஏலாது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"எனக்கு மீட்டர் இல்லை. தட்டில தண்ணி தெளிப்பன்.
துளி உட்கார்ந்து சீறினா, இன்னும் சூடு வேணும்.
உருண்டு ஓடினா ரொட்டியப் போடலாம்."

களனிப் பாலத்தின் ஏற்றம்.
ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி,
மூன்றாம் கியரில் பிடித்து வைத்தேன்.
ஆற்றின் சேற்று மணமும் டீசல் மணமும் உள்ளே வந்தன.
99. 111.
இறங்கத் தொடங்கியும் ஒயில் இறங்கவில்லை.
அது அப்படித்தான்,
மேட்டில் வாங்கிய சூட்டைப் பள்ளத்தில்தான் சொல்லும்.
117.

பேலியகொடை யார்ட்.
முதலாளி போனில், "தௌபீக், எட்டுக்குப் பூட்டிடுவாங்கள்."
நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டேன்.
"ஏன் நிற்பாட்டேல்ல?"
"இழுத்து வந்ததை உடனே நிற்பாட்டக்கூடாது.
டர்போவுக்குள்ள இருக்கிற ஒயில் வெந்திடும்.
அஞ்சு நிமிசம்."

116.
"பதினொரு கட்டுப்பணம் கட்டினன். நாலு விட்டன்."
113.
"வீட்டில தெரியாது. கடை திறக்கப் போறன் எண்டு சொல்லித்தான் வந்தன்."
108.
"போர்டில இருக்கிறது மகளிட பேர். நானே எழுதினது,
'ஷ'வில ஒரு கொம்பு பிழைச்சுப் போச்சு."
நான் கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான், பிழை.
101.
அதற்குப்பிறகு அவர் பேசவில்லை.
ரேடியேற்றர் விசிறி மட்டும் ஒருமுறை சத்தமாகச் சுற்றி ஓய்ந்தது.
96இல் திறப்பைத் திருப்பினேன்.

ஒப்படைக்கும் படிவத்தில் 'நிலை' என்று ஒரு கட்டம்.
சாதாரணம், என்று எழுதினேன்.
காவலாளி கையெழுத்து வைத்தான்.
திரும்பிக் கூட்டிப்போகிறேன் என்றேன்; குரூஸ்
பஸ் தரிப்பிடம் பக்கம் நடந்துவிட்டார்.

வெறும் கொக்கியோடு திரும்பும்போது 86, 81.
ஒருகொடவத்தைச் சந்தியில் பிரேக் பிடிக்க
பக்கத்துச் சீட்டுக்குக் கீழே 'ணங்' என்றது.
குனிந்து எடுத்தேன்.
பழைய பேப்பரில் சுற்றிய இரண்டு கொத்துத் தகடுகள்.
மறந்தாரா, விட்டுப்போனாரா தெரியாது.
பட்டியலில் அவை இல்லை.
இன்னும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கின்றன.
நிற்கிற சிக்னலிலெல்லாம் ஒன்றையொன்று தட்டிக்கொள்கின்றன.