மணக்குது

தேங்காய்ப்பால் ரின்னின் வயிற்றில்
ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே கட்டளை:
திறந்தபின் மூன்று நாளுக்குள்.
எப்போது திறந்தேன் என்பதை
நான் எந்த மொழியிலும் எழுதி வைக்கவில்லை.

கணக்குப் பார்த்தேன்.
சொதி வைத்தது பனி கொட்டிய அன்று.
பனி கொட்டியது குப்பை வண்டி வராத அன்று.
குப்பை வண்டி வராதது இந்தச் செவ்வாயா,
அதற்கு முந்திய செவ்வாயா?
அஜாக்ஸில் டிசெம்பர் முழுவதும்
ஒரே செவ்வாய்தான்.

முன்பென்றால் மூடியைத் தூக்கி
மூக்கைக் கொண்டுபோனால் போதும்.
போன வருசம் ஒரு காய்ச்சல்.
போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
மூக்கு முகத்தில்தான் இருக்கிறது.
மூக்குத்தியைத் தாங்குகிறது,
கண்ணாடியைத் தாங்குகிறது,
வேலைக்கு மட்டும் வருவதில்லை.

அதனால் கீழே கூப்பிட்டேன்.
பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கிற ஜெபசிங்,
நாசரேத்துப் பொடியன்,
காலேஜில் பிறிட்ஜும் ஏசியும் திருத்தப் படிக்கிறவன்,
காலுறையோடு படியேறி வந்தான்.
ரின்னை முகத்துக்கு நேரே பிடித்து
ஜெபம் பண்ணுகிறவன் போலக் கண்ணை மூடினான்.
"மணக்குதுக்கா."

ஊற்றிவிட்டேன்.
அரை ரின் பால், ஒரு டொலர் இருபது,
சிங்கில் வெள்ளையாய்ச் சுழன்று இறங்கியது.
அடுத்த கிழமை ரசம். "மணக்குதுக்கா." கொட்டினேன்.
நெத்தலிக் குழம்பு. அதுவும்.
பிறகு தேசிக்காய் ஊறுகாய்,
பின்மூலையில் இரண்டு வருசம் தவமிருந்தது.
"ஆகா, மணக்குது!"

அந்த ஆகாதான் கொஞ்சம் இடித்தது.
போத்தலைக் கவிழ்க்கப் போன கையை
அவன் பிடித்துக்கொண்டான்.
"ஏன்க்கா? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?"

எங்கள் ஊரில் மணந்தால் முடிந்தது.
மழையில் நனைந்த சப்பாத்து மணக்கும்,
மூடி மறந்த பழங்கறி மணக்கும்.
அவன் ஊரில் மல்லிகை மணக்கும்,
தாளித்த சட்டி மணக்கும்;
கெட்டது ஊசிப் போகும்.
அவனுக்கு ஊசினது எனக்குப் பழுது.
பாக்கு நீரிணை இவ்வளவு அகலமென்று
ஒரு ஊறுகாய்ப் போத்தல் சொல்லித்தான் தெரியும்.

அந்த நெத்தலிக் குழம்பை நினைக்க
இப்போதும் வயிறு எரிகிறது.

நீல நாடாவும் மார்க்கரும் வாங்கித் தந்தான்.
திறந்த திகதி எழுதி ஒட்டுங்க என்றான்.
முதல்நாள் எல்லாவற்றிலும் எழுதினேன்,
உப்புப் போத்தலிலும்.
மறுநாள் மார்க்கரைக் காணவில்லை.
கடைசியில் பேச்சை நிறுத்தினோம்.
கட்டைவிரல் மேலே என்றால் சட்டிக்கு.
கீழே என்றால் சிங்குக்கு.
மூன்று கிழமை நன்றாகத்தான் போனது.

இன்று அவனுக்குத் தடிமன்.
மூக்கு சிவந்து கண் ஒழுக
தயிர் வாளியின் முன்னால் நிற்கிறான்.
மேலே கொஞ்சம் தெளிந்த நீர்.
விளிம்பில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு.
பீற்றூட் கரண்டி பட்டதா, வேறெதுவுமா?
விரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.
இரண்டு பேர், இரண்டு மூக்கு,
ஒரு வாளி.

திடீரென்று தயிரை விட்டுவிட்டு
பிறிட்ஜுக்குள் கையை நீட்டி
அப்படியே வைத்திருந்தான்.
கீழே ஓடிப்போய்
வகுப்பில் கொடுத்த வெப்பமானியைக் கொண்டுவந்தான்.
ஒன்பது பாகை.
நாலைத் தாண்டக் கூடாதாம்.

"பழுதுக்கா" என்றான்,
முதல் தடவையாக என் சொல்லில்.
தயிரோ, என்றேன்.
பிறிட்ஜ், என்றான்.

முழங்காலில் இருந்து பின்பக்கத் தூசியை
அவன் வாரி எடுக்கத் தொடங்க,
பாலையும் முட்டையையும் நேற்றைய சாம்பாரையும்
பின்கதவுப் படியில், பனியில்,
வரிசையாய் நட்டு வைத்தேன்.
வெளியே மைனஸ் பதினாலு.
அதற்குத் திகதி தேவையில்லை.

தயிர் மட்டும் சிங்கில் போனது.
மணந்திருக்கும்.
எங்கள் ஊர்ப்படியா, அவன் ஊர்ப்படியா என்று
சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.