வலது ஓரம்

வலது ஓரத்தைத் தொடாதே என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
மார்ச் மாதத் திங்கட்கிழமை ஒன்றில்
கணினியைத் திறந்தேன், வந்திருந்தது.
மவுஸ் கொஞ்சம் ஒதுங்கினால் போதும்,
சுவருக்குள்ளிருந்து வழுக்கி வரும் ஒரு பலகை.
உதவி, குறிப்பு, சமீபத்தில் திறந்தவை,
ஒரு முறை எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட.
அதற்கு அடியில்
கன்டெய்னரின் எடை.

தண்டையார்பேட்டை, டி.எச். ரோடு,
பரோட்டாக் கடைக்கு மாடியில் எங்கள் கிளியரிங் ஆபீஸ்.
தலைக்கு நூற்றிருபது பில் ஒரு நாளைக்கு.
பில்லுக்கு மூன்று முறையாவது கை ஓரம் தட்டும்.
பலகை வர அரை நொடி, போக அரை நொடி.
கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்:
ஆறு நிமிடம்.
அது என் டீ.

தேசப்பன் சார் இடப் பக்கம் வரட்டும் என்கிறார்,
இடப் பக்கம் அவருக்கு வேலை இல்லை.
கிளாடிஸ் அதற்குக் கொழுந்தன் என்று பேர் வைத்துவிட்டாள்:
சொல்லாமல் வரும், வந்தால்
நாம் எழுந்து போனால்தான் போகும்.
முனவ்வருக்கு மட்டும் பிடித்திருக்கிறது.
வரி விகிதப் பட்டியலை அதற்குள் போட்டு வைத்திருக்கிறான்.
"இன்னா பேஜாரு உங்களுக்கு? நல்லாத்தான கீது."

ஏப்ரலில் ஒரு நாள்
இருபத்தோராயிரத்து நானூறு கிலோவை
இருபத்து நாலாயிரத்து நூறு என்று அடித்தேன்.
பலகை பாதி வந்திருந்தது, நான் பாதி நினைவில் இருந்தேன்.
இரவு பதினொன்றரைக்கு டிரைவர் பக்கிரிசாமியின் போன்:
"மேடம், ஆர்பர் கேட்ல உள்ள வுடல."
பின்னால் ஹாரன்கள். அவர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை.
எண்ணூர் ஷேர் ஆட்டோவில் இன்னொரு ஆள் ஏறினால்
எல்லாரும் ஒரு சாண் நகர்கிறோம்,
பையை மடியில் எடுத்து வைக்கிறோம்.
யார் மடியிலும் யாரும் உட்காருவதில்லை.
பலகையும் அப்படி ஏறட்டும்.
என் பத்திகள் ஒல்லியாகிக்கொள்ளும்,
அவற்றுக்குப் பழக்கம்தான்.

சிறுசேரியிலிருந்து ஸ்ரீவத்ஸன் வந்தான்,
கம்பெனி அனுப்பிய பையன், கருத்துக் கேட்க.
ஒரு மணி நேரம் தாமதம்.
கொருக்குப்பேட்டை கேட், கூட்ஸ் வண்டி,
நடுவில் நின்றுவிட்டதாம்.
கேட் இறங்குமுன் மணி அடித்ததா என்றேன்.
"அடிச்சுதுங்க."
பைக்காரர்கள் குனிந்து நுழைந்தார்களா?
"நுழைஞ்சாங்க."
அவ்வளவுதான் என் கருத்து,
எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
எழுதிக்கொண்டான். நிறையவே எழுதினான்.
கீழே போய் இரண்டு பரோட்டாவும் சாப்பிட்டான்.

ஜூலையில் புதிய வெர்ஷன்.
பலகை அதே ஓரத்தில், அதே வழுக்கலில், அதே எடையின் மேல்.
வருமுன் இப்போது
டிங் என்கிறது.

ஐந்து கணினிகளும் நாள் முழுக்க டிங்.
தேசப்பன் சார் பூஜை அறை போல இருக்கிறது என்றார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மணி கேட்டவள் நான்தான்.

மூன்றாம் நாள், ஸ்பீக்கர் ஒயரை முனவ்வர் பிடுங்கிய பிறகு,
பலகையின் தலைமாட்டில்
எள் அளவு குண்டூசிப் படம் ஒன்றை
கிளாடிஸ் கண்டுபிடித்தாள்.
குத்தினால் பலகை நின்றுவிடுகிறது.
பத்திகள் இடப் பக்கம் ஒரு சாண் நகர்கின்றன.
மார்ச்சிலிருந்தே இருந்ததாம் அந்த ஊசி.
ஸ்ரீவத்ஸனுக்கும் தெரியாதாம்.

குத்தி வைத்து இன்றைக்கு ஐந்து வாரம்.
ஒன்றும் வருவதில்லை, ஒன்றும் போவதில்லை.
ஆனாலும் வலது ஓரத்துக்கு ஒரு விரல் முன்னால்
மணிக்கட்டு தானாக நின்றுவிடுகிறது.
கீழே டி.எச். ரோட்டில்
டிரெய்லர் ஒன்று பின்னால் வருகிறது,
கிளீனர் பையன் தட்டிக்கொண்டே நடக்கிறான்:
வா வா வா வா,
நில்லு.
எடையை இரண்டு முறை படித்துவிட்டு
அடிக்கிறேன்.