பகரமும் மகரமும்

ஊமைப்படம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.
எனக்கு எல்லாப் படமும் அதுதான்.
நகரசபை மண்டபத்தில் மற்றவர்கள்
சத்தமில்லாத திரைமுன் நெளிந்துகொண்டிருக்க
நான் மூன்றாம் வரிசையில்
சொந்த வீட்டுக் கதிரைபோலச் சாய்ந்திருந்தேன்.

தலைப்பு எரிந்துபோன படம்.
தொண்ணூற்றெட்டு வருசம் எந்தப் பெட்டிக்குள் கிடந்ததோ.
எடுத்தது இங்கேதான்: கோட்டை வாசல், டச்சுக் குடா,
நிலக்கரி ஏற்றும் துறை.
ஓரத்தில் ஒரு புள்ளிமான்கூட,
யாரும் நடிக்கச் சொல்லாமல்.

வெள்ளைச் சீருடை லெப்டினன்ட் ஒருவன்.
அவனுக்காகக் குலத்தை உதறி ஓடிவரும்
கீழைத்தேச இளவரசி.
அவளுக்குக் கரி பூசியிருந்தார்கள்.
அட்டியல் விலகிய இடத்தில்
தோலுரித்த பனங்கிழங்குபோலக் கழுத்து.
பின்னால் எழுபது பேர், எங்கள் ஊர்ச் சனம்,
பூச்சுத் தேவைப்படாதவர்கள்.

அட்டை சொல்லிற்று:
சுதேசிகள் ஆனந்தக் கூத்தாடுகின்றனர்.
உதடுகள் சொல்லின:
"கால் சுடுது."
"எப்ப விடுவாங்கள்?"
"தள்ளி நில்லன், என்ர முகம் மறையுது."

என்னைக் கூப்பிட்டதே இதற்குத்தான்.
உதடு பார்த்து எழுதித் தாங்கோ,
படத்தின் கீழே போடுவம் என்றார்கள்.

எல்லாம் பிடிபடவில்லை.
ஈட்டி கொடுத்து
ஆபிரிக்க அடிமையாக நிறுத்தியிருந்தவர்
பாலையூற்றுக்காரராய் இருக்கவேண்டும்.
அந்த நெற்றியை இன்றைக்கும் சந்தையில் காண்கிறேன்.
பக்கத்திலிருந்தவரோடு நெடுநேரம் கதைத்தார்,
போர்த்துக்கேயம் கலந்த அவர்கள் வீட்டுமொழியில்.
எனக்கு வராது.
மலாய்ச் சிப்பாய் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
அதுவும் வராது.
சிங்களத்தில் ஒரே சொல் தெரிந்தது: வத்துர.
தண்ணீர்.
மற்றவர்களுக்குக் கொப்பியில் கோடு மட்டும் இழுத்தேன்.
சுதேசிகள் என்ற ஒரு சொல்லுக்குள்
இத்தனை வாய்.

பிறகு இரவுக் காட்சி.
லெப்டினன்ட் மண்டியிடுகிறான்.
அட்டை: என் இதயம் உமது கப்பலில் ஏறிவிட்டது.
இரண்டு பேருக்கும் நடுவில், சற்றுப் பின்னால்,
கைவிளக்கு ஏந்தி ஒருத்தி.
மூக்குத்தி. வலது கண்ணில் சின்னப் பூ.
பெயர்ப்பட்டியலில் இல்லை.
முத்தம் நடக்கும்போது
அவள் நேரே கமெராவைப் பார்த்துச் சொன்னாள்:
மனம் இல்லை.
அல்லது
பணம் இல்லை.

பகரமும் மகரமும் உதட்டில் இரட்டைப்பிள்ளைகள்.
காதுள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது.
என் கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார்
இரண்டில் எதைக் கேட்டார்கள் என்று
இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

"மனம் என்று போடுங்கோ,
காதல்கதைக்குப் பொருந்தும்" என
துண்டில் எழுதி நீட்டினார் திலகேஸ்வரி.

கிண்ணியா நஸ்மிக்குக் கைகாட்டினேன்: திரும்ப ஓடவிடு.
திரும்பவும்.

பள்ளியில் எங்கள் வாய்க்கு முன்
மெழுகுதிரி பிடிப்பார்கள்.
பகரத்துக்குச் சுடர் சாயும்.
மகரம் மூக்கால் போய்விடும், சுடர் நிமிர்ந்தே நிற்கும்.
அவள் விளக்கு
வாய்க்கு ஒரு சாண் முன்னால்.

ஐந்தாம் தடவை கண்டேன்.
உதடு பிரிந்த கணம்
சுடர் லெப்டினன்ட் பக்கம் சாய்ந்தது.

கடற்காற்றாகவும் இருக்கலாம், என்றது அடுத்த துண்டு.
இருக்கலாம்.
இளவரசியின் முக்காடு ஆடவேயில்லை.

பணம் இல்லை, என்று எழுதினேன்.
மை அழுந்த.

கோடுகள் மிச்சம் இருந்தன.
பாலையூற்றில் யாருக்காவது
அந்த வாயசைவு தெரிந்திருக்கும்.
காலை பஸ் எத்தனை மணிக்கு என்று
நஸ்மியிடம் கேட்டேன்.
ஆறு விரல் காட்டி,
ஏழாவதைப் பாதி மடித்தான்.