இரண்டாவது டேங்க்

கிருஷ்ணகிரி பட்டறையில்
சமையல் பெட்டியைக் கழற்றிவிட்டு
முந்நூறு லிட்டர் டேங்க் மாட்டினார்கள்.
"இனி கோயம்புத்தூர் போய்த் திரும்பலாம்,
எங்கேயும் நிக்க வேணாம்" என்றார் முதலாளி.

"உள்ளே தடுப்புத் தகடு?"
வெல்டர் இதாயத் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:
"ரெண்டாயிரம் கூட ஆகும்னேன்.
வேணாம்னுட்டார்."

அத்திப்பள்ளியில் டீசல் விலை குறைவு.
அதிலும் பாதி டேங்குக்குத்தான் காசு வந்தது.
பின்னால் டிரெய்லரில் இருபத்தெட்டு டன் கம்பிச் சுருள்.
சூளகிரி, காவேரிப்பட்டணம்,
தர்மபுரி தாண்டியும் சத்தமில்லை.

தொப்பூர் இறக்கம்.
நான் ஒடித்த ஒவ்வொரு வளைவிலும்
டேங்க் மட்டும்
ஒரு நொடி தாமதமாகத் திரும்பியது.

மடியில் ஸ்டவ்வை அணைத்தபடி
கிளீனர் மாதேசு கேட்டான்:
"அண்ணே,
நம்ம கூட யாரு வர்றா?"