நிலைநிறுத்துதல்

சீட்டு குலுக்கியதில்
ராக்கெட் வைத்திருக்கும் நாடு எனக்கு விழுந்தது.
தில்ஷாத்துக்கு ஒரு தீவு.
அதன் பேரைச் சரியாகச் சொல்லவே
அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

காட்பாடி, சட்டக் கல்லூரி, மாடி அரங்கம்.
ஏழு மின்விசிறியில் நான்கு சுற்றின.
தீர்மானம்:
விண்வெளியில் அணுகுண்டுச் சோதனைக்குப் புதுத் தடை,
மீறினால் தண்டனையோடு.
நான் வேண்டாம் என்று பேச வேண்டும்.

தில்ஷாத் அறுபத்திரண்டில் தொடங்கினாள்.
கடலுக்கு மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்தில்
ஒரு நாடு வெடித்துப் பார்த்தது.
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி
ஒரு தீவில் தெருவிளக்குகள் அணைந்தன.
ஜனங்கள் மாடியேறிச்
சிவந்த வானத்தை வேடிக்கை பார்த்தார்கள்.
அதற்கப்புறம் மாதக்கணக்கில்
செயற்கைக்கோள்கள் சில
ஒவ்வொன்றாக ஊமையாயின.
"எங்களிடம் ராக்கெட் இல்லை," என்றாள்.
"வானம் இருக்கிறது."
கைதட்டல் அடங்க மணி அடிக்க வேண்டியிருந்தது.

அடுத்து நான்.
அறுபத்துமூன்றின் ஒப்பந்தம்
காற்றில், நீரில், விண்ணில் வெடிக்காதே என்கிறது.
கையெழுத்துப் போடாதவர்கள் இருக்கிறார்கள்.
அறுபத்தேழின் ஒப்பந்தம்
சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தாதே என்கிறது.

நிலைநிறுத்துதல்.
அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு சுற்று முடிவதற்குள் இறங்கிவிட்டால்
அது நிலைநிறுத்தியதாகுமா?
பள்ளிகொண்டா நிறுத்தத்தில்
பேருந்து நிற்காமல் ஊர்ந்து போனால்
நின்றதாகக் கணக்கா?
அரங்கம் சிரித்தது.
சிரிப்பு என் பக்கம் என்று தெரிந்தது.

நடுவர் கோவர்த்தனம் பேனாவை மூடினார்.
"தடை போடலாம் அம்மா.
மேலே போய்ச் சோதிப்பது யார்?"
"யாராலும் முடியாது ஐயா.
எட்டிப் பார்க்க முடியாத விதி வெறும் காகிதம்."

சொல்லும்போதே
குடியாத்தம் தீப்பெட்டித் தொழிற்சாலை
கண்ணுக்குள் வந்து நின்றது.
அம்மா அங்கே பதினாறு வருஷம்.
ஆய்வாளர் வருகிறார் என்று முதல் நாளே போன் வரும்.
அன்றைக்குக் கையுறைகள் மூட்டையிலிருந்து இறங்கும்,
மறுநாள் மூட்டைக்கே திரும்பும்.
எல்லாம் நிஜம்.

ஆனால் மருந்து அறைக்கும் கட்டுப்போடும் கொட்டகைக்கும் நடுவே
நாற்பதடி வெற்று மண்.
யாரும் அளந்து பார்ப்பதில்லை.
யாரும் அங்கே ஒரு சைக்கிள்கூட நிறுத்தியதில்லை.
ஒரு ஐப்பசி மழையில்
முதலாளியே மினி லாரியைக் கொண்டுவந்து போட்டார்.
கட்டுப்போடும் பெண்கள் கையைத் தூக்கி
எழுந்து வெளியே நின்றுவிட்டார்கள்,
நனைந்துகொண்டு,
லாரி நகரும்வரை.

இதை நான் பேசவில்லை.
இது தீவின் வாதம்.

இன்னொன்றும் பேசவில்லை.
கட்டுக்கு ஒரு பெட்டி பிரித்து
ஒரு குச்சி கிழித்துப் பார்ப்பாள் அம்மா.
சோதனை என்று பேர்.
அந்தக் குச்சியும் எரிந்துதான் போகிறது.

கோப்பை எனக்கு.
கூடவே ஐந்நூறு ரூபாய், ஒரு சால்வை.
பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போது தில்ஷாத் கேட்டாள்,
"அந்த ஓட்டையை எப்படிடி கண்டுபிடிச்ச?"
"ரெண்டு ராத்திரி படிச்சேன்."
"அடைக்கறதுக்குப் படிச்சிருந்தா
ஒரு ராத்திரியிலயே முடிஞ்சிருக்கும்,"
என்று சொல்லிவிட்டு மேல்விஷாரம் வண்டியில் ஏறினாள்.
கோபமா கிண்டலா, தெரியவில்லை.
ஜன்னலிலிருந்து கையாட்டினாள்.

வீட்டில் அம்மா
விரல் நுனிச் சிவப்பு மருந்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்,
"நீ எந்தப் பக்கம் பேசின?"
"வெடிக்கற பக்கம்."
"ஜெயிச்சியா?"
"ஜெயிச்சேன்."
"அடிப்பாவி," என்று
குழம்பை ஊற்றினாள்.

கொஞ்ச நேரம் கழித்து,
"எவ்ளோ உசரத்துல வெடிச்சாங்களாம்?"
"நானூறு கிலோமீட்டர்."
"இங்கேர்ந்து திருப்பதி எவ்ளோ?"
"நூறு இருக்கும்."
விரல் விட்டு எண்ணினாள்.
எண்ணியவள் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நாலு திருப்பதி.
அவ்ளோ கிட்டவா?"